வண்டியில் ஆள் இருக்கணும்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். அத்தானின் முட்டி வலி குறைந்ததா, இல்லை பக்கத்தில் கிடக்கும் ரிமோட்டை எடுக்கக்கூட இன்னும் உன்னைத்தான் கூப்பிடுகிறாரா?

"போன் எடுக்க மாட்டியாடா" என்று நீ கத்துவது எனக்கு இங்கேயே கேட்கிறது. நாள் முழுக்கக் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு நிற்கிறவனுக்குப் போன் என்றாலே கசக்கிறது. வேலை நேரத்தில் அதை எங்கே வைத்தேன் என்றே தெரிவதில்லை. கடிதம் என்றால் நிதானமாக எழுதலாம். நீயும் நடுவில் புகுந்து திட்ட முடியாது.

முதலில் நல்ல சேதி. உட்கார்ந்துகொண்டு படி. உன் தம்பி பெண்டாட்டிக்கு இது மூன்றாம் மாதம். டாக்டர் உறுதியாகச் சொல்லும்வரை மூச்சு விடக் கூடாது என்று என் வாயைத் தைத்து வைத்திருந்தாள். ஜூலையில் பிரசவம் இருக்கும் என்கிறார்கள். "உனக்கு ஒண்ணு பொறந்தா நம்ம ரெண்டு வீட்டுக்கும் பொறந்த மாதிரிடா" என்று நீ முன்பு ஒரு தடவை சொன்னாய். அதற்குப் பிறகு எங்களிடம் நீ எதுவுமே கேட்டதில்லை. கேட்காமல் இருக்க நீ எவ்வளவு பாடுபட்டாய் என்று எனக்குத் தெரியும் அக்கா.

அடுத்து வேலை விஷயம். ஒரு பெரிய நிறுவனம் தன் கூட்டங்கள், விழாக்கள் எல்லாவற்றுக்கும் ஒரு வருஷத்துக்கு எங்களையே சவுண்ட் பார்க்கச் சொல்லியிருக்கிறது. அதை நம்பிக் கடன் வாங்கிப் புது மிக்ஸர் போர்டு, இரண்டு ஸ்பீக்கர், வயர்லெஸ் மைக்குகள் எல்லாம் வாங்கிவிட்டேன். சாமான் முழுக்க இன்சூரன்ஸ் செய்திருந்தால்தான் கையெழுத்து என்கிறார்கள். ஒரு ஏஜென்ட் வந்து ஏழெட்டு விதம் சொன்னான். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இன்சூரன்ஸ் ஆபீஸில் இழப்பீட்டுக் கிளெய்ம் பார்க்கிற அக்காவை வைத்துக்கொண்டு நான் ஏன் எவனிடமோ ஏமாற வேண்டும்?

எங்கள் வழக்கம் உனக்குத் தெரியாது அல்லவா, சொல்கிறேன். மண்டபத்துக்குப் போனதும் பெரிய சாமான்களை இறக்கி மேடையில் வைப்போம். புது மிக்ஸரும் மைக்குகளும் கடைசிவரை வண்டியிலேயே இருக்கும், அதுவரை சவுண்ட் செக்குக்குப் பழைய மிக்ஸரும் ஒரு பழைய மைக்கும்தான். ஸ்பீக்கரைத் திருட நாலு பேர் வேண்டும், மைக்கைத் திருட ஒரு சட்டைப் பை போதும். ஆகவே நான் உள்ளே வேலையாக இருக்கும்போது அவள் வண்டியில் இருப்பாள். அவள் மைக் வைக்க மேடைக்கு வந்தால் நான் வண்டிக்குப் போவேன். ஆள் இல்லாத வண்டியில் இருக்கும் சாமானுக்கும் கவர், அதாவது இன்சூரன்ஸ் பாதுகாப்பு, வேண்டும் என்றால் பிரீமியம் நிறைய ஏறுமாம். எடுக்கவா, விடவா?

உன் தம்பி


ஜனவரி 20

மறதி மன்னனுக்கு அக்காவின் ஆசிகள்.

நாங்கள் சுகமே. உன் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் பிரித்தேன், அதுதான் தப்பு. முதல் பக்கத்திலேயே அழுதுவிட்டேன். பக்கத்து மேஜைக்காரி ஓடி வந்து, "யாருக்கு என்ன ஆச்சுக்கா?" என்றாள். "யாருக்கும் ஒண்ணும் ஆகலடி, நான் அத்தையாகப் போறேன்" என்றேன். அத்தானுக்கு முட்டி வலி எல்லாம் அன்றைக்குப் பறந்துபோய், தானே எழுந்து போய் இனிப்பு வாங்கி வந்தார். பாதியை வழியிலேயே தின்றுவிட்டு வந்தார், அது வேறு கதை.

அவளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். தூக்குவது, இழுப்பது, குனிவது எதுவும் வேண்டாம். நீ சொல்லாவிட்டால் அந்தப் பெண் பாட்டுக்கு மேடையில் ஏறிக் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருப்பாள்.

இனி பாலிசி. சாமானை மொத்தமாக 'மைக் செட்' என்று எழுதாதே. ஒவ்வொன்றையும் அதன் நம்பரோடு தனித்தனியாக எழுது. தேய்மானம் கழிக்காமல் புது விலைக்கு எடு. இல்லையென்றால் தொலைந்த பிறகு உன் கைக்கு வருகிற பணத்தில் ஸ்பீக்கர் வராது, அதன் அட்டைப்பெட்டிதான் வரும். வீட்டில் இருக்கும்போது மட்டும் காக்கிற பாலிசி உனக்கு வேண்டாம், உன் சாமான் என்றைக்கு வீட்டில் இருந்திருக்கிறது? வேலை இடத்துக்கும் வழியில் வண்டிக்கும் சேர்த்து ஒன்று இருக்கிறது, அதை எடு. ஆள் இல்லாத வண்டிக்கான கூடுதல் கவர் உனக்குத் தண்டம். குழந்தை வரப் போகிற வீடு, அந்தப் பணத்தை எடுத்து வை.

நான் சொல்கிற பாலிசியில் ஒரு நிபந்தனை உண்டு. சாமான் வண்டியில் இருக்கும்போது வண்டியில் ஆள் இருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால், கேட்டில் காவலாளி இருக்கிற வளாகத்துக்குள் வண்டியைப் பூட்டிவிட்டுப் போனாலும் செல்லும். இந்த மறுபாதி உனக்கு மட்டும். அவளிடம் சொல்லாதே. சொன்னால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். நாற்காலியில் குறட்டை விடுகிற எவரையாவது காவலாளி என்று நினைத்துக்கொண்டு, "நீயும் வா, ஒரு கை பிடி" என்று அவளை மேடைக்கு இழுப்பாய். சைக்கிளைப் பூட்டாமல் விட்டுவிட்டு மூன்று சைக்கிள் தொலைத்தவன் நீ. "ஆள் இறங்கவே கூடாது, இறங்கினால் பாலிசி செல்லாது, அக்கா உத்தரவு" என்று அவளிடம் சொல். உன் சாமானும் பத்திரம். அவளும் ஒரு இடத்தில் உட்கார்ந்து ஓய்வெடுப்பாள். எப்படி என் மூளை?

பிரியமுள்ள அக்கா


மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நானும் உள்ளே இருக்கிற ஆளும் நலம். நீங்களும் அண்ணனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இவர் எழுதட்டும் எழுதட்டும் என்று பார்த்தேன், "பேனா எங்க வெச்சேன்னு தெரியலை" என்கிறார். சரி, நானே எழுதிவிட்டேன்.

பாலிசி எடுத்தாயிற்று. நிறுவனத்தில் கையெழுத்தும் ஆயிற்று. அன்றிலிருந்து நான் ராணி. வண்டியின் முன் சீட்டில் தலையணை, தண்ணீர் பாட்டில், பிஸ்கட், கதைப் புத்தகம். இவர் உள்ளே வியர்த்துக்கொண்டு ஓடுகிறார், நான் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "அண்ணி என்னைய விட உங்களைத்தான் நல்லா புரிஞ்சு வெச்சிருக்காங்க" என்று இவரைச் சீண்டுவேன்.

உங்கள் உத்தரவை எழுத்துக்கு எழுத்து காப்பாற்றுகிறேன், தெரியுமா? போன வாரம் ஒரு பெரிய கட்டடம். கேட்டில் சீருடையோடு காவல்காரர் ஒருவர் நின்றார், வயசானவர், நல்ல மனுஷன். வெயில் ஏறியதும் வந்து, "உள்ள வந்து ஃபேனுக்குக் கீழ உக்காரும்மா. பூட்டிட்டு வா, வண்டியை நான் பார்த்துக்கிறேன்" என்றார். "எங்க அண்ணிக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிடுவாங்க ஐயா" என்று சொல்லிவிட்டேன். இறங்கவே இல்லை. நம் சோறு அந்த வண்டியில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

ஒரு ரகசியம். இவர் சவுண்ட் செக் ஆரம்பித்தால் உள்ளே இருக்கிற ஆள் புரள்கிறது. ஸ்பீக்கர் சத்தம் வண்டிவரை வரும் அல்லவா? "ஹலோ, ஹலோ, ஒன்று, இரண்டு" என்று அப்பா குரல் கேட்டதும் ஒரு உதை. சத்தம் பிடித்து உதைக்கிறதா, பிடிக்காமல் உதைக்கிறதா என்று வெளியே வந்த பிறகு கேட்டுக்கொள்கிறோம்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை


மார்ச் 12

என் தங்கத்துக்கு,

அண்ணி எழுதுகிறேன். உன் கடிதத்தை அண்ணனுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். உதைக்கிற இடம் வந்ததும் டிவியை அணைத்துவிட்டு, "இன்னொரு தடவை படி" என்றார். இந்த வீட்டில் நான் கத்தாமலே டிவி அணைந்தது அதுதான் முதல் தடவை.

அந்தக் காவல்காரர் கதையை ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். கிளெய்ம் பிரிவில் எல்லோரும், "இப்படி ஒரு ஆள் எல்லா வண்டியிலும் இருந்தா நமக்கு வேலையே இருக்காது" என்கிறார்கள். நீ இருக்கும்போது என் தம்பிக்குப் பாலிசியே தேவையில்லை. அப்படியே இரு. அவன் கெஞ்சினாலும் கொஞ்சினாலும் இறங்காதே. ஏழாம் மாதம் பிறந்ததும் வண்டிக்கு வேறு ஆள் பார்க்கச் சொல், நீ வீட்டில் இரு.

சின்னச் சின்னதாகச் சட்டை தைத்துக்கொண்டிருக்கிறேன். கண் மங்கலாகத் தெரிகிறது, ஊசி குத்துகிறது, இருந்தாலும் விடுவதாக இல்லை. ஆணா பெண்ணா தெரியாததால் எல்லா நிறத்திலும் ஒன்று. அடுத்த மாதம் பார்சலில் வரும்.

உன் அண்ணி


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கு எல்லாம் பரவாயில்லை. அத்தான் சுகமா?

பார்சல் வந்தது.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். ஆள் இல்லாத வண்டிக்கும் சேர்த்து எடுக்கிற அந்தக் கூடுதல் கவரை இப்போது, நடுவில், சேர்த்துக்கொள்ள முடியுமா? எவ்வளவு ஆனாலும் சரி. தாள் கையில் வருகிற மாதிரி வேண்டும், சீக்கிரம் வேண்டும்.

வேலை நடக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


மே 28

டேய் தம்பி,

ஆசிகள். நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது, உன் கடிதம் அப்படி இருக்கிறது. தந்தி அடிக்கிற காலத்தில்கூட மனிதர்கள் இதைவிட நாலு வார்த்தை அதிகம் எழுதினார்கள்.

ராப்பகலாகத் தைத்து அனுப்பியிருக்கிறேன், 'பார்சல் வந்தது' என்று ஒரு வரியா? அவள் பிரித்துப் பார்த்தாளா? மஞ்சள் சட்டை பிடித்ததா? அவளாவது ஒரு வரி எழுதியிருக்கலாம். வயிறு பெரிதாகிவிட்டது, குனிந்து எழுத முடியவில்லை என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

கூடுதல் கவர் எதற்கு இப்போது? அவளை வீட்டில் நிறுத்திவிட்டாய் என்றால் சரியான காரியம்தான். ஆனால் அதற்காகப் பணத்தைக் கொட்டாதே. உங்கள் நிறுவனத்துக் கட்டடம் எல்லாவற்றிலும் கேட்டும் காவலாளியும் உண்டு என்றுதானே அவள் கடிதத்திலிருந்து தெரிகிறது? வண்டியைப் பூட்டு, சாவியைச் சட்டைப் பையில் போடு, உள்ளே போ. ஜனவரியிலேயே எழுதினேனே. அவளிடமும் இப்போது அதைச் சொல்லிவிடு, வீட்டில் இருந்துகொண்டு வண்டியை நினைத்துக் கவலைப்படப் போகிறாள்.

ஜூலை முழுக்க லீவு கேட்டிருக்கிறேன். மேலதிகாரி முகத்தைச் சுளித்தார். "என் தம்பி குழந்தை சார், எனக்கு வேற யார் இருக்கா" என்றேன். கொடுத்துவிட்டார். எந்தத் தேதிக்கு வண்டி ஏறட்டும் என்று எழுது.

அக்கா


ஜூன் 19

அக்கா,

லீவை வேண்டாம் என்று சொல்லிவிடு. குழந்தை இல்லை. ஏப்ரல் முதல் வாரத்திலேயே போய்விட்டது. பெண் குழந்தை.

இதை எழுத எத்தனை நாளாக உட்காருகிறேன் என்று எனக்கே தெரியாது. உன் பார்சல் வந்தபோது நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவள்தான் வாங்கினாள், அவள்தான் பிரித்தாள். நான் பக்கத்தில் நின்றேன். உனக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றைக்கு நிறுவனத்தின் பயிற்சிக் கூடத்தில் வேலை. பெரிய வளாகம். வண்டி பின்பக்கம் நின்றது, கேட்டில் நிற்கிறவரைக் கூப்பிட்டாலும் கேட்காத தூரம். காலையிலேயே போய்விட்டோம், மேடையில் ஏதோ கோளாறு, ஒரு ஸ்பீக்கரில் இரைச்சல் போகவே இல்லை. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கேபிளாகத் தேடிக்கொண்டிருந்தேன். போன் என் பையில் மேடைக்குக் கீழே கிடந்தது. அவள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறாள். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வண்டிக்குப் போனேன். முன் சீட்டில் சுருண்டு கிடந்தாள். இருக்கையெல்லாம் நனைந்திருந்தது. கையில் வண்டிச் சாவியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

எதிர்ச்சாரியில் ஆஸ்பத்திரி அக்கா. சீட்டிலிருந்து பார்த்தால் போர்டு தெரியும். காவலாளி கேட்டிலேயே நின்றார், பூட்டிவிட்டுச் சாலையைக் கடந்திருந்தால் போதும். "ஏன்டி இறங்கிப் போகலை?" என்று கத்தினேன். "மிக்ஸரு, மைக்கு எல்லாம் உள்ள இருக்கு. இறங்கினா செல்லாதுன்னீங்களே. நீங்க வந்துடுவீங்கன்னு நெனச்சேன்" என்றாள். டாக்டர், "வலி ஆரம்பிச்சதும் வந்திருந்தா ஏதாவது பார்த்திருக்கலாம்" என்றார்.

நீ எழுதிய மறுபாதியை நான் அவளிடம் சொல்லவே இல்லை. நீ சொல்ல வேண்டாம் என்றாய் என்பதற்காக அல்ல. அவள் வண்டியில் இருப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. நான் எதையும் பூட்ட வேண்டாம், நினைக்க வேண்டாம், நிம்மதியாக வேலை பார்க்கலாம்.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. உடம்பு தேறி வந்த பிறகு முதல் வேலைக்கே அவள் கிளம்பிவிட்டாள். யாரும் சொல்லாமலே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். மேடைக்கு வந்து மைக்கை வை என்றால், "வண்டியில ஆள் இருக்கணும்ல" என்கிறாள். தண்ணீர் குடிக்கக்கூட இறங்குவதில்லை. அதே சீட்டு அக்கா. என்னால் பார்க்க முடியவில்லை. அதனால்தான் அந்தக் கூடுதல் கவரைக் கேட்டேன். ஒரு புதுத் தாளைக் காட்டி, "இனிமே இறங்கலாம்" என்று சொல்ல வேண்டும். முன்பும் இறங்கியிருக்கலாம் என்று எந்த வாயால் சொல்வேன்?

தம்பி


ஜூன் 27

தம்பி,

நலம் விசாரிக்க வாய் வரவில்லை.

அத்தானிடம் சொன்னேன். எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார், ரொம்ப நேரம் உள்ளே வரவில்லை. எனக்கு அழக்கூட வரவில்லை. அவள் எழுதிய அந்தக் காவல்காரர் கடிதத்தை எடுத்துப் படித்தேன். அவரும் பூட்டிவிட்டு வரச் சொல்லியிருக்கிறார். நான் என்ன பதில் எழுதினேன் என்று எனக்குத் தெரியும். கெஞ்சினாலும் இறங்காதே என்று எழுதினேன். உலகத்தில் இருக்கிற கிளெய்ம் தாளையெல்லாம் படிக்கிற எனக்கு, 'கேட்டில் காவலாளி இருந்தால் நீ தாராளமாக இறங்கலாம்மா' என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. கிண்டல்தான் தோன்றியது. என் கை அழுகிப் போகட்டும்.

நீ கேட்ட தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். அவளை அந்தச் சீட்டிலிருந்து இறக்க இது உதவும் என்றால் வைத்துக்கொள். ஆனால் தம்பி, நீ பணம் கட்டிப் பொய்யை வாங்குகிறாய். மறுபாதியை நீயே அவளிடம் சொல்லிவிடு. புருஷன் வாயால் கேட்டால் அழுவாள், அடிப்பாள், பிறகு ஆறும். வேறு வழியில் தெரிந்தால் ஆறாது. ஓடி வரவா என்று மனசு துடிக்கிறது. அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

அவளுக்குச் சத்தாக எதையாவது கொடு. தனியாக விடாதே.

அக்கா


ஆகஸ்ட் 4

அண்ணிக்கு,

நலம். நீங்களும் அண்ணனும் நலமாக இருக்க வேண்டும்.

இவர் உங்களுக்குச் சொல்லிவிட்டார் என்று தெரியும். நீங்கள் எனக்கு எழுதவில்லை. எழுத முடியாமல் இருந்திருக்கும். நானும் எழுதவில்லை, அதனால் கணக்கு சரி.

போன மாதம் இவர் ஒரு தாளைக் காட்டினார். "அக்கா புதுசா ஒண்ணு சேர்த்திருக்காங்க, இனிமே நீ வண்டியில உக்கார வேணாம்" என்றார். கை நடுங்கியது இவருக்கு. நான் தாளைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். இன்னும் நான் வண்டியில்தான் உட்காருகிறேன். எதற்கு என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தால்தான் அன்றைக்கு நான் செய்தது சரி என்று இருக்கிறது.

எங்கள் அம்மா விதி என்கிறார்கள். விதியோடு எனக்குச் சண்டை இல்லை. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன், உங்களுக்குத்தான் தெரியும். இந்தப் புதுத் தாள் வருவதற்கு முன்னால், அன்றைக்கு, கேட்டில் காவலாளி நின்றுகொண்டிருந்த அந்த இடத்தில், நான் வண்டியை விட்டு இறங்கியிருந்தால் பாலிசி செல்லாமல் போயிருக்குமா? இருந்துதான் ஆகணும் என்றால், பிழைப்பைக் காப்பாற்றினேன் என்று மனசைத் தேற்றிக்கொள்வேன். இருக்க வேண்டியதில்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். நடுவில் நிற்க முடியவில்லை அண்ணி.

இவரிடம் கேட்டேன். "அக்காவைக் கேளு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். எதையோ மறைக்கிறாரோ என்று சில நேரம் தோன்றுகிறது. இவருக்குத் தெரிந்திருந்து என்னிடம் சொல்லாமல் விட்டிருந்தால், உள்ளே இருந்தது இவர் குழந்தை, அப்படியும் விட்டிருந்தால், நான் இந்த வீட்டில் ஒரு நாள்கூட இருக்க மாட்டேன். அப்படி இருக்காது. இவர் மறதிக்காரர், கெட்டவர் இல்லை.

எனக்குப் பொய் சொல்லாதீர்கள்.

உங்கள் தங்கை


ஆகஸ்ட் 13

என் கண்ணுக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். உன் உடம்பு தேறி வர வேண்டும் என்பதைத் தவிர எனக்கு இப்போது வேறு வேண்டுதல் இல்லை.

கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். நீ வண்டியில் இருக்க வேண்டியதில்லை. கேட்டில் காவலாளி இருக்கிற இடத்தில் வண்டியைப் பூட்டிவிட்டுப் போனால் பாலிசி செல்லும். அன்றைக்கு நீ இறங்கிப் போயிருக்கலாம். ஒரு திருகாணிக்குக்கூடச் சேதம் வந்திருக்காது, வந்திருந்தாலும் முழுப் பணம் கிடைத்திருக்கும். எடுத்த நாளிலிருந்தே அப்படித்தான். நீ மார்ச்சில் காவல்காரரைப் பற்றி எழுதினாயே, அன்றைக்கே நான் உனக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும். சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.

'ஆமாம், இருந்துதான் ஆகணும்' என்று எழுதி அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன். அப்படி எழுதினால் நீ ஆயுசு முழுக்க அந்தச் சீட்டிலேயே உட்கார்ந்திருப்பாய். இறங்கி வா தாயே. அது வெறும் சாமான். அதைக் காக்க நீ எதையும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. உன் மேல் தப்பே இல்லை. சொன்னதைச் செய்தாய், சொன்னவள் நான்.

இன்னொன்று. உன் புருஷனைச் சந்தேகப்படாதே. அவனுக்கு இது தெரியாது. 'ஆள் இறங்கவே கூடாது' என்று மட்டும்தான் நான் அவனுக்கு எழுதினேன். மற்றதைச் சொன்னால் அவன் அசட்டையாக இருப்பான் என்று நானே மறைத்தேன். இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினால்தான் அவனுக்கே தெரியும். பாலிசித் தாளைப் படிக்கிற பிள்ளையா அவன்? பிரித்தே பார்த்திருக்க மாட்டான். அவன் கை நடுங்கியது துக்கத்தில்தான். அவனும் ஒரு மகளை இழந்தவன். அவனைக் கைவிடாதே.

என்னைத் திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. பதில் எழுத மனசு வராவிட்டால் எழுத வேண்டாம், நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.

அண்ணி


செப்டம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்?

உன் கடிதத்தை அவள் எனக்கு முழுக்கப் படித்துக் காட்டினாள். 'அவனுக்கு இது தெரியாது' என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். ஏப்ரலுக்குப் பிறகு அவள் அழுதது அன்றைக்குத்தான். "உங்க அக்கா உங்ககிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க. நீங்க என்னைய அப்படி விட்டிருக்க மாட்டீங்களே" என்றாள்.

உண்மை நாக்கு நுனிவரை வந்தது அக்கா. அவள் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வேலையில் அவள் வண்டியிலிருந்து இறங்கினாள். பூட்டினாள், சாவியை என்னிடம் கொடுத்தாள், மேடைக்கு வந்து மைக்குகளை வைத்தாள். மதியம் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். நீ கேட்டது நடந்துவிட்டது. ஆனால் உன் பேரை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். உனக்கு எழுதக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள். இதைக் கடைத்தெருவில் நின்றுகொண்டு எழுதுகிறேன்.

நிறுவனம் அடுத்த வருஷத்துக்கும் எங்களையே கேட்கிறது. பாலிசியை வேறு ஆபீஸில் எடுக்க வேண்டுமாம், தாள் முழுவதையும் தானே உட்கார்ந்து படிக்கப் போகிறாளாம். சரி என்றேன்.

எனக்குத் தெரியாது என்று நீ எழுதியது பொய் என ஒரு நாள் அவளிடம் சொல்லுவேன். எப்போது என்று மட்டும் கேட்காதே. அதுவரை வீட்டு விலாசத்துக்கு எழுத வேண்டாம்.

அத்தானைக் கேட்டதாகச் சொல். வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் தம்பி